சாய்ந்த மேசையில் பிறந்த இடைநிலை

மார்ச் 4
வழிகாட்டிப் பேராசிரியர் இன்று ஆய்வுக்கூடத்துக்கே இறங்கி வந்தார். அபூர்வ தரிசனம். என் நிலை வரைபடத்தைப் பார்த்து வாயெல்லாம் பல். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தண்ணீர். அதில் ஒரே அடுக்காக, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள். நெருக்கம் குறைந்தால் திரவம், கூடினால் படிகம். இரண்டுக்கும் நடுவில் நான் பச்சையாக ஒரு பட்டை போட்டிருக்கிறேன் - வரிசை குலைந்தும் திசை மாறாத ஓர் இடைநிலை. இதை வைத்தே ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்றார். போன வருடம் இதே பட்டையைக் குப்பை என்றவர். எப்போது ஞானோதயமோ.

மார்ச் 9
பக்கத்து மேசை மாமேதைக்கு வயிற்றெரிச்சல். எனக்கு மூத்தவர், இதுவரை சாதித்தது பேராசிரியரின் பையைத் தூக்கியது. காபிக் கோப்பையோடு வந்து, நுண்ணோக்கி வைத்திருக்கும் மேசை சாய்ந்திருக்கிறது என்றார். உருண்டைகள் மெல்லத் தாழ்ந்த பக்கம் சேருமாம். ஒரு பாதி படிகம், மறுபாதி திரவம், மொத்தமாகச் சராசரி எடுத்தால் இடைநிலை மாதிரித்தான் தெரியுமாம். ஒரு நமட்டுச் சிரிப்பு வேறு. போய்யா.

மார்ச் 10
யாரும் வருவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேசையைத் தாங்கும் காற்றுப் பைகளில் ஒன்று கசிந்திருக்கிறது. எத்தனை மாதமாக? அய்யோ.

மார்ச் 27
மேசையை மட்டமாக்கி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். திரவம், படிகம், நடுவே இரண்டும் திட்டுத் திட்டாக. என் இடைநிலையைக் காணோம்.

மார்ச் 30
மேசை சாய்ந்திருந்தது என்று ஆரம்பித்ததுமே பேராசிரியர் கையை உயர்த்திவிட்டார். புதுப் படங்களைக் கையால்கூடத் தொடவில்லை.
"மேசையை யாரும்மா வந்து பாக்கப் போறாங்க? பேசாம எழுதி அனுப்பு."
மாட்டேன் என்றேன்.
"அப்ப இன்னும் ஒரு வருஷம் கிடந்து திண்டாடு."
அறிவியல் வளர்த்த திருவாய்!
அக்காவுக்குப் போன் செய்தேன். படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருடம் நான் வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "பொய் சொல்லிட்டு வந்து என் மூஞ்சிய எப்படிப் பாப்ப? ஒழுங்கா முடிச்சிட்டே வா" என்றாள். அழுதுவிட்டேன்.

ஜூன் 18
கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. பச்சைப் பட்டை அப்படியே. முதல் பெயர் மாமேதை. மேசை சாய்ந்திருக்கிறது என்று எனக்குச் சொன்ன அதே மாமேதை. என் பெயர் இல்லை, நல்லவேளை. த்தூ.

ஜூன் 20
கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று மாமேதை வந்து நின்றார். என் குடும்பம் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? நுண்ணோக்கியில் குனிந்துகொண்டேன். திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆள்.

செப்டம்பர் 2
கட்டுரையைப் பரிசீலிப்பவர்கள், புதிதாக எடுத்த படங்களையும் அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். மாமேதை எடுத்ததாக ஒன்றுகூட இல்லை. பேராசிரியர் கூப்பிட்டார், குரலில் தேன். மார்ச்சில் மறுபடி எடுத்தாயே, அவற்றைக் கொடு என்றார்.
"அது மேசையை மட்டமாக்கின பிறகு எடுத்தது, சார்."
"ரொம்ப நல்லதாப் போச்சு."
பச்சைப் பட்டையின் சுவடே இல்லாத படங்கள், ஒன்றுவிடாமல் கொடுத்தேன். என் எதிரிலேயே அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை.