சொல்லாமல் தாங்கிய சூடு

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று தொடங்குவதே என் வழக்கம்; இம்முறை அச்சொல்லை எழுதக் கை மறுக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த மார்பில், தழும்பருகே, புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது.

அதே இடத்தில் இரண்டாம் முறை முழு அளவு கதிர்வீச்சு கூடாதாம். ஆகவே அளவைக் குறைத்து, வாரம் இருமுறை வெப்பச் சிகிச்சையும் சேர்க்கிறார்கள். மார்பின்மேல் நீர்ப்பை வைத்து, கருவியால் ஒரு மணி நேரம் நாற்பத்து மூன்று டிகிரி வரை சூடேற்றுவார்கள். சூட்டில் தளர்ந்த புற்றணுக்களைக் கதிர் எளிதில் வெல்லும் என்பது மருத்துவரின் விளக்கம்.

சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இஸ்திரிப் பெட்டி பிடித்த எனக்குச் சூடு புதிதன்று. நீ விடுப்பெடுத்து வர வேண்டியதில்லை.

இங்ஙனம்,
உன் அக்கா

ஜூன் 9

அக்கா,

இந்த நிலைமையிலயும் 'இங்ஙனம்'னு எழுத உன்னாலதான் முடியும்.

எங்க மருந்துக்கடையில கூட வேலை செய்யறவங்களோட சித்திக்கும் இதே சிகிச்சைதான் நடந்துச்சாம். எங்கயாவது சுருக்குன்னா உடனே சொல்லணுமாம், அப்பதான் அந்த இடத்துல சூட்டைக் குறைப்பாங்களாம். நீ சொல்ல மாட்டே. இஸ்திரிப் பெட்டி சுட்டு விரல் கொப்புளிச்சப்பவும் கையில இருந்த சட்டையை மடிச்சு முடிச்சுட்டுத்தானே தண்ணியில வெச்சே. அதான் எனக்குப் பயம். நான் வரட்டுமா? ஒரு வரி போடு.

தங்கச்சி

ஜூன் 25

அன்புத் தங்கைக்கு,

மூன்றாம் அமர்வில் பிழை செய்தேன். தழும்பின் கீழ்முனையில் ஊசி ஏற்றியதுபோல் சுரீரென்றது. கருவியை இயக்கும் பெண் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்காவது சுடுகிறதா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் சௌகரியமாக உள்ளேன் என்றேன். சூட்டைக் குறைத்தால் நோய் தப்பித்துக்கொள்ளும் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். பையை எடுத்தபோது பட்டாணி அளவில் கொப்புளம்.

"ஏம்மா, அத்தனை தடவை கேட்டேனே," என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் வெப்பத்தை நிறுத்தினார்கள். கதிர்வீச்சு மட்டும் தொடர்ந்தது. அந்த ஒரு வாரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எவரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

நேற்று மீண்டும் தொடங்கினார்கள். இருபதாம் நிமிடத்தில் அதே இடம் சுட்டது. சொன்னேன். குறைத்தாள். வலி நின்றது. மீதி நாற்பது நிமிடமும், வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த அளவு போதும் என்று அவள் உறுதி சொன்ன பிறகும் அடித்துக்கொண்டது. இதைச் செம்மையாக எழுதும் வகை தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

துணைக்கு ஒருவர் அறைக்குள் அமரலாமாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அடுத்த அமர்வு. வந்துவிடு. அந்த ஒரு மணி நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிரு. நான் மறைத்தால் உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா