கார்மென் ஆன்ட்டியின் எலுமிச்சைகள்

14 அக்டோபர் 1998, புதன். எடிசன்.

பக்கத்து வீட்டு கார்மென் ஆன்ட்டி இன்று காலை இறந்துவிட்டார். போன வருஷம் வீட்டைக் காலி பண்ணி முதியோர் நர்ஸிங் ஹோமுக்குப் போகும்போது, ஸ்பெயினில் அவர் அப்பா வரைந்த பழைய ஓவியத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவர். அதில் மேலே, காலைக் கட்டித் தொங்கவிட்ட செத்த கௌதாரி. கீழே மேஜையில் மூன்று எலுமிச்சை.

ஜூனில் மாமனார் திவசம். "செத்த பட்சிய ஹால்ல மாட்டிண்டு பிண்டம் வைக்கச் சொல்றியா? சாஸ்திரிகள் வரதுக்குள்ள கராஜ்ல கொண்டு போய் வை" என்று இவர் கத்தினார். ஒரு நாளைக்குத்தானே என்று வைத்தேன். திரும்ப எடுக்கவில்லை. இவரை மட்டும் சொல்வானேன்? அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எனக்கும் பிடிக்கவில்லை.

பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பாவின் படத்தை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று ஆன்ட்டி கேட்பார். டைனிங் டேபிளுக்கு மேலே என்று வாய் கூசாமல் சொல்வேன். கண்ணை மூடிச் சிரித்துக்கொள்வார்.

சாயந்திரம் அவர் மகள் போன் பண்ணினாள். சவப்பெட்டி பக்கத்தில் அந்தப் படத்தை வைக்க வேண்டுமாம், நாளை வந்து எடுத்துக்கொள்கிறாளாம். கராஜுக்கு ஓடினேன். வாட்டர் ஹீட்டர் எத்தனை நாளாக ஒழுகுகிறதோ, படத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பூஞ்சை. துடைத்தேன். எலுமிச்சை மூன்றும் துணியோடு வந்துவிட்டன.

பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டைனிங் டேபிளுக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். இவர் வந்து பார்த்தார். தட்டைப் போட்டு வைத்தேன். இரண்டு பேரும் உட்காரவில்லை.