உன் பைன் மரத்துக்கு உன்னிச்சைத் தண்ணீர்

இன்று காலை பைன் மரத்தில் பழுத்த ஊசியிலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். விரலில் பிசின் ஒட்டிக்கொண்டது. சோப்புக்கு அது அசையவில்லை, தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் போனது. மணம் மட்டும் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் உன் வீட்டுக்காரரின் கை மணம் என் கையில் இருந்தது. சரி, இனி உனக்கு நாலு வார்த்தை எழுதாமல் இருக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கொன்வென்டில் நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நீ பட்டணத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி வீட்டுப் பிள்ளை, நான் செட்டிபாளையத்துக்காரி. நான் விவசாயப் போதனாசிரியையாகி உன்னிச்சையில் நெல்லோடும் பூச்சியோடும் மல்லுக்கட்டப் போனேன். நீ ரயில்வேக்காரரைக் கட்டினாய். மலைநாட்டுப் பண்டாரவளையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு மாற்றலாகி வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து, பால்மா டின்னில் ஒரு பைன் கன்று. சீமெந்தில் தானே ஒரு தட்டைத் தொட்டி செய்து, கன்றை அதில் வைத்து, கம்பி சுற்றி வளைத்து, வேரை நறுக்கி, வருடக்கணக்காக முழங்கால் உயரத்திலேயே வைத்திருந்தார். பொன்சாய் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "மலையில வானத்தை முட்ட வளர வேண்டிய மரம், இஞ்ச வந்து தட்டில குந்தியிருக்கு, பாவம்" என்று நீ அவர் காதுபடவே சொல்லுவாய். அவர் சிரித்துக்கொண்டு கம்பியை முறுக்குவார்.

பிறகு அந்த மார்கழி. யேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை நீ பட்டணத்தில் பூசைக்குப் போயிருந்தாய். மகள் அப்போதே அவுஸ்திரேலியாவில், கடலோரம் முகத்துவாரத்தில் இருந்த உங்கள் வீட்டில் அவர் மட்டும் நின்றார். கடல் வந்தது. வீட்டில் அடுப்படிச் சுவர் ஒன்றுதான் மிஞ்சியது, அதன் பின்னால் சேற்றுக்குள் அந்தத் தொட்டி மரத்தோடு கிடந்தது. அவரைக் கொண்டுபோன தண்ணீர் அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. பட்டணத்தில் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டுக்கு நீ கொண்டுவந்த பழைய பொருள் அது ஒன்றுதான்.

சில மாதம் கழித்து போன் பண்ணினாய். "இஞ்ச ஒருக்கா வந்திற்றுப் போகா. மரம் சாகப்போகுது."

"நான் நெல்லுக்கு வைத்தியம் பாக்கிறவள். பைனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"நெல்லிட இலையும் ஒல்லிதானே. வந்து பாரன்!"

வந்து பார்த்தேன். ஊசிகளின் நுனி எல்லாம் தீய்ந்து மண்ணிறமாகியிருந்தன. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை இருந்தது. பூச்சி இல்லை. தொட்டி ஓரத்து மண்ணைக் கிளறினால் வேரில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். நீ பயந்துபோய்க் கழுவப் பார்த்தாய், நான் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். பைன் வேருக்கு அந்தப் பூஞ்சணம் உறவு, அது இருக்கும் மட்டும் வேருக்கு உயிர் இருக்கிறது என்று பேராதனையில் என்னோடு படித்தவளிடம் கேட்டு வைத்திருந்தேன். பிறகு ஒரு கிள்ளு மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். நீ "சீ!" என்றாய். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு.

கடல் ஏறிய பிறகு கரையோரத்துக் கிணறுகள் எல்லாம் அப்படித்தானே கிடந்தன. உன் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன், அதுவும் கரித்தது. "கிணத்துத் தண்ணியை இனி ஒரு சொட்டும் ஊத்தாத. நான் குளத்துத் தண்ணி கொண்டாறன்" என்றேன். அன்றிலிருந்து வாராவாரம் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கானோடுதான் வருவேன். சோதனைச்சாவடியில் நின்ற ஆமிப் பொடியன் ஒருநாள் கானைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, குடி என்று சைகை காட்டினான். குடித்தேன். மரத்துக்கு என்று சொன்னேன், அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னும் ஒரு மிடறு குடிக்க வைத்தான். அதை உனக்கு நடித்துக் காட்டியபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கடல் வந்த பிறகு நீ அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் மரம் தேறவில்லை. நுனியில் இருந்த கருகல் பாதி ஊசி வரைக்கும் இறங்கியது. எனக்கு விளங்கவில்லை. குளத்துத் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்புக் கழுவப்பட்டுப் போக வேண்டும், எத்தனை வயலில் பார்த்திருக்கிறேன்! ஒரு பின்னேரம் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, என்ன பிழை விட்டேன் என்று யோசித்தபடி நீ தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். நல்ல ருசி. அந்த நாட்களில் பட்டணத்தில் எந்த வீட்டுத் தேத்தண்ணியும் கரிக்கும், உன் வீட்டில் மட்டும் கரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். முன்னையைவிட உப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கள்ளி! நான் மரத்துக்கு எண்டு சுமந்து வாற தண்ணியில நீ தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிறயா? மரத்துக்குக் கிணத்துத் தண்ணியா?"

நீ சிரிக்கவில்லை.

"ஓங்கா. வேணுமெண்டுதான் ஊத்தினன்" என்றாய். "அண்டைக்குப் பூசைக்கு வாங்க எண்டு கையைப் பிடிச்சு இழுத்தன். 'இந்தக் கொப்புக்குக் கம்பி சுத்தி முடிச்சிற்று வாறன், நீ முன்னுக்குப் போ' எண்டார். இது இல்லாட்டி அவர் என்னோட வந்திருப்பார். கடல் இதை விட்டிற்றுப் போனா, நான் விட ஒண்ணுமா?"

"மறுகா என்னத்துக்கு என்னைக் கூப்பிட்ட?"

"செத்திருமோ எண்டு பயம் வந்திற்று."

என் வாய் உனக்குத் தெரியும், வேறு யாராவது என்றால் கிழித்திருப்பேன். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன். மரத்தைச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோகட்டுமா, உன் கண்ணுக்குப் படாமல் இருக்கட்டும் என்று கேட்டேன். "கொண்டுபோய்ப் பாரு, உன்னோட கதைக்க மாட்டன்" என்று மூக்கைச் சிந்தினாய். பிறகு நீயே எழும்பிப் போய்க் கானைத் தூக்கி வந்தாய்.

தொட்டியின் அடித்துளையால் தண்ணீர் ஓட ஓட ஊற்றினாய். ஓடி வந்ததை விரலால் தொட்டு நீயும் ருசி பார்த்தாய், நானும் ருசி பார்த்தேன். கல்யாண வீட்டில் பாயாசத்துக்குச் சீனி காணுமா என்று பார்க்கிற பெண்டுகள் போல இருந்தோம். உப்புக் குறையும் மட்டும் ஊற்றினாய். அவர் அரைகுறையாய்ச் சுற்றி விட்ட கம்பி ஒரு கொப்பில் பட்டைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தேன். "நீ தொடாத" என்று பறித்து, துண்டு துண்டாக நீயே வெட்டினாய். வெட்டும்போது அவரை உங்கள் வீட்டுப் பறங்கி மொழியில் ஏசினாய். உனக்கு உண்மையான கோபம் வந்தால் தமிழ் போதாது.

அடுத்த வருடம் திரும்பவும் ஷெல் சத்தம். படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்தது, எனக்கு உன்னிச்சைப் பக்கம் போக வழியில்லை. மரம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் உன்னிடம் வந்தால் கூரைப்பீலிக்குக் கீழே தாச்சி, சட்டி, அண்டா என்று வரிசையாக மழைத்தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறாய். நீ தந்த தேத்தண்ணி உப்புக் கரித்தது. அடிவரைக்கும் குடித்தேன். மரத்தின் நுனிகளில் புதுக் குருத்துகள் வெள்ளையாய், நேராய் நின்றன. "மெழுகுதிரி வைச்சிருக்கு, பாத்தயா?" என்றாய். எனக்கு அந்தக் கரிப்புத் தேத்தண்ணி இனித்தது.

யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன அன்று உன் வீட்டில்தான் நின்றேன். தெருவில் வெடி கொளுத்தினார்கள். சந்தோசப்படுவதா, காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறவர்களை நினைத்து அழுவதா என்று தெரியாமல் நான் கதவடியில் நின்றேன். முதல் வெடிச் சத்தத்துக்கே நீ முற்றத்துக்கு ஓடினாய். அந்தச் சீமெந்துத் தொட்டியைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாய்.

"அப்ப மரத்தோட கோபம் போயிற்றுப் போல" என்றேன்.

"ஆர் சொன்ன? போகல்ல." தொட்டியை இறக்கி வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். "கோபம் இருந்தா என்னகா, தண்ணி ஊத்த ஒண்ணாதா?"

என் வாயை அடைத்தவள் நீ ஒருத்திதான்.

நெஞ்சு நோகுது என்று நீ போனில் சொன்னபோது நான் மாங்கேணியில் கச்சான் கடலை பயிர் செய்கிறவர்களின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். "வாயுகா, ஒண்டுமில்ல. நீ போயிற்று ஆறுதலா வா" என்றாய். நான் மறுநாள் திரும்பி வரும்போது உன் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். உன் மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மரத்தை என்ன செய்வது அன்ரி என்று கேட்டாள். அங்கே மண்ணோடு செடி கொண்டுபோக விடமாட்டார்களாம். ஆட்டோவில் மடியில் வைத்துச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுவந்தேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வாயுவாம், வாயு! ஒருநாள் பொறுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? எல்லாரும் காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற்றவில்லை, ஆற்றவும் வேண்டாம். பின்னேரம் வாளியோடு முற்றத்துக்குப் போகிறேன். உன்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, அடித்துளையால் ஓடிவரும் மட்டும் ஊற்றுகிறேன்.