அப்பாவுக்கு வாங்கிய ரெக்கார்டர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? செய்தி வாசிக்கும்போது கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன தடவை நீ வந்தபோது அப்பா உன்னைப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் டி.வி.யில் வரும்போது மட்டும் அவருக்கு உன்னைத் தெரிகிறது. நம்ம பொண்ணு பேசறா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். செய்தி முடிந்ததும்தான் கஷ்டம். எங்கே போனாள் என்று வீடு முழுக்கத் தேடுவார். குளியலறைக் கதவைக்கூடத் தட்டிப் பார்ப்பார்.

அதனால் உன் செய்தியைப் பதிவு பண்ணி வைக்க ஒரு ரெக்கார்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் முதலில் காட்டியதில் திரை நிறையக் குட்டிக் குட்டிப் படங்கள். அதில் உன்னை எந்த மூலையில் தேடுவது என்று எனக்கே பிடிபடவில்லை. அடுத்தது பார்க்க அழகு. ஆனால் கை தவறினால் "அழிக்கவா?" என்று கேட்கிறது, தானாகவே "ஆம்" என்பதில் போய் நிற்கிறது. அப்பா கையில் அந்த ரிமோட் கிடைத்தால் உன் கதி என்ன ஆவது? மூன்றாவது ஒரு பழைய மாடல். பெரிய எழுத்து. ஒரே பட்டனில் பதிவுகள் வந்துவிடும்; அழிப்பது எங்கோ உள்ளே ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் இப்போ யாரும் வாங்கறதில்லைம்மா என்றார் கடைக்காரர். அதையே கட்டித் தரச் சொன்னேன்.

வேண்டாத பட்டன்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். முக்கியமாக, பாதியில் நிறுத்தும் பட்டன். முதல் நாள் அதை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனேன். நீ வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாய். குழந்தைக்கு என்னவோ ஆயிடுச்சு என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

இப்போது காலையும் மாலையும் நீதான். அதே செய்திதான், அவருக்குத் தெரியவா போகிறது? சாப்பிட்டியாம்மா என்று உன்னிடம் கேட்பார். நீ குனிந்து தாளைப் பார்க்கிற இடத்தில், தலையாட்டிட்டா என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். உன் புண்ணியத்தில் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று என் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் உனக்கு அறிமுகப்படுத்தினார். "இந்தம்மா ரொம்ப நல்லவங்க. தினமும் உன்னைக் கூட்டிட்டு வர்றாங்க. யாரு பெத்த பிள்ளையோ" என்றார். நான் முந்தானையால் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

லீவுக்கு வரட்டுமா, அப்பாவுக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டிருந்தாய். எனக்கென்ன தெரியும் கண்ணு. வா. அந்தப் பதிவில் போட்டிருக்கும் அதே நீலக் கோட் போட்டுக்கொண்டு வா. வாசலில் நின்று முதலில் அவருக்கு வணக்கம் சொல். தெரிந்துகொண்டால் சரி, இல்லாவிட்டாலும் மனசு உடைந்துவிடாதே. எனக்காக ஒன்று செய். வந்ததும் என்னை அம்மா, அம்மா என்று நாலு தடவை சத்தமாகக் கூப்பிடு. அவர் காதில் விழட்டும்.

மகராசியாக இரு.

உன் அம்மா