பேட்டரியில் ஒட்டிய பொட்டு

அண்ணா,

இன்று காலை உன் வண்டியின் பானட்டைத் தூக்கியதும் வாஸலின் வாசனை வந்தது. பேட்டரி முனைகளில் பச்சை பூத்துவிடக் கூடாதென்று நீ அப்பி வைப்பாயே, அந்த வாசனை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. அந்தப் பிசுக்கு இன்னும் காயவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழியிருந்தால் இப்போதே வாங்கிக்கொள்வேன்.

மன்னிதான் கேட்டாள். "வண்டியை வச்சுக்கறதா, கொடுத்துடறதான்னே தெரியலை. பக்கத்தாத்து டிரைவர் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வச்சிண்டுதான் இருக்கார். பேட்டரி எப்படியிருக்குன்னு நீ பார்த்துச் சொல்லேன்."

மாடியில் நீ, கீழே நான். ஒரே வருஷம் வாங்கிய ஒரே மாதிரி வண்டி இரண்டு, இரண்டுக்கும் வைத்தியர் நீ. என் வண்டியின் மாற்றுச் சாவிகூட உன் ஆணியில்தான் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அப்புறம் உன் குட்டி மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பன்னண்டரை வோல்ட், பேஷ்!" என்பாய். நான் தலையாட்டுவேன். முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். எதையும் இரண்டு தடவை போட்டுப் பார்க்காமல் விட்டதில்லை, நீ சொன்னதைத் தவிர.

அந்த மீட்டர் உன் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. இருந்தாலும், ஒப்புக்கொண்ட வேலையை உருப்படியாகச் செய்வோமே என்று நேற்று ஜி.பி. ரோடு வண்டிச் சாமான் கடைக்குப் போனேன். ஆட்டோவில்தான். எனக்குத்தான் ஓட்ட அனுமதி கிடையாதே. கடைக்காரர் மூன்று சாமானை எடுத்து வைத்தார். முதலாவது உன் மீட்டரின் தம்பி.

"இத்த லைட்டர் ஓட்டையில சொருவுனா வோல்ட்டு காட்டும். அத்தோட சரி. பாட்ரி செத்துக்கினு இருக்கும், இது பன்னண்டரைன்னு காட்டிக்கினு கெடக்கும். நம்பாதீங்கம்மா."

இரண்டாவது பெரிய இரும்புப் பெட்டி. பேட்டரியை நிஜமாகவே வேலை வாங்கிப் பார்க்குமாம். "உள்ள கம்பி பழுத்துடும், கைய சுட்டுக்குவீங்க. ஒர்க்‌ஷாப்ல வச்சிக்கிறது, வூட்டுக்கு வேணாம்." மூன்றாவதில் ஒரு சின்னத் திரை, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப். "பாட்ரி லேபிள்ள ஒரு நம்பர் போட்டுக்கீது பாருங்க, அத்த இதுல அடிச்சிட்டு கிளிப்ப மாட்டுங்க. இன்னும் எவ்ளோ தெம்பு கீதுன்னு அதுவே சொல்லிடும். யாருக்கும்மா, சாருக்கா?"

"எனக்குத்தான்" என்றேன். அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை அந்த நம்பரைத் தேடித்தான் குனிந்தேன். லேபிள் மங்கியிருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் வெளிச்சம் போட்டு, பேட்டரிக்குப் பின்பக்கம்வரை தலையை நுழைத்தேன். எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜையன்று, என் வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பேட்டரியில் மட்டும் குங்குமம் நிற்காமல் வழிந்தது. என் நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏண்டி, பேட்டரிக்கு எதுக்குப் பொட்டு? கல்யாணம் பண்ணி அனுப்பப் போறியா?" அனுப்பி வைத்தது நீதான் என்று இன்றைக்கல்லவா தெரிகிறது.

ஓடிப்போய் அந்தப் பேட்டரிக்கு வாங்கிய என் வாரண்டி அட்டையை எடுத்து வந்தேன். அட்டையிலிருந்த வரிசை எண்ணையும் பேட்டரியில் பொறித்திருந்த எண்ணையும் விரல் வைத்து மூன்று தடவை ஒப்பிட்டேன். ஒரே எண். கிளிப்பையும் மாட்டிப் பார்த்தேன், பாழாய்ப்போன ஒழுங்கு விடவில்லை. நல்ல நிலையில் இருக்கிறது என்றது திரை.

அந்த ஆயுத பூஜை கழிந்து தை மாதத்தில் ஒரு நாள். உன் சம்பந்தி வீட்டாரை முதல் தடவையாகக் காஞ்சிபுரம் அழைத்துப் போக விடியற்காலையில் நீ கிளம்பிவிட்டாய். எட்டு மணிக்கு என் பிள்ளையை நான் இன்டர்வியூவுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம், வேறொன்றும் இல்லை. அவன் ஆட்டோ தேடி அடித்துப்பிடித்துப் போவதற்குள் அங்கே பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். ரொம்ப ஆசைப்பட்ட வேலை.

சாயங்காலம் நீ திரும்பியதும் நேராக என் வண்டிக்கு வந்தாய். மீட்டரைச் செருகினாய். "பதினொண்ணுகூட இல்லை. ராத்திரி லைட்டை அணைக்காம விட்டிருக்கே. காலம்பற நான் கிளம்பறச்சே பார்த்தேன், மங்கலா எரிஞ்சிண்டிருந்தது. தூங்கறவாளை எழுப்ப வேண்டாமேன்னு போயிட்டேன்." என் பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னாய். கூடவே, "போன மாசம் பாலைக் காய வச்சுட்டு மறந்துட்டா. கொஞ்சம் கவனிடா உங்கம்மாவை" என்றாய்.

உன்னிடம்தான் மாற்றுச் சாவி இருந்ததே, யாரையும் எழுப்பாமல் நீயே அணைத்திருக்கலாமே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நான் அணைத்தேனா இல்லையா என்று யோசிப்பதிலேயே என் புத்தி முழுவதும் போயிற்று. மறுநாள் நீயே புது பேட்டரி வாங்கி மாட்டி, பழையதைக் கடையில் கொடுத்துவிட்டும் வந்தாய். என்னைத் தொடக்கூட விடவில்லை. எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோனேன்.

பிள்ளை கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "இனிமே நீ ஓட்ட வேணாம்மா" என்று மெதுவாகச் சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். அப்புறம் டாக்டர். அடையாறில் அந்த அறையில் நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி வரைந்தேன். நீ என் முதுகைத் தட்டி, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்றாய். எல்லாம் தெரிந்துகொண்டே தட்டினாய், அண்ணா. பேட்டரியை எடுத்ததைக்கூட மன்னிப்பேன். அந்தத் தட்டலை என்னால் முடியவில்லை.

ஏன் செய்தாய் என்று ஊகிக்க முடிகிறது. முதல் நாள் சாயங்காலம் உன் பேட்டரி மக்கர் செய்திருக்கும். கடை அடைத்திருப்பார்கள். சம்பந்தி முன்னால் மானம் போகக் கூடாதென்று என்னுடையதைக் கழற்றி மாட்டிக்கொண்டு, செத்ததை என் வண்டியில் வைத்துவிட்டாய். வந்ததும் மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்திருப்பாய். கேட்டிருந்தால் நானே ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருப்பேனே! இரவல் வாங்கிய தேங்காய்த் துருவியை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிறவன் நீ. அதற்கப்புறமாவது இரண்டு வருஷம் இருந்தாயே. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை காபி. ஒரு நாள் சொல்லக் கூடாதா?

மத்தியானம் முழுக்க யோசித்தேன். சொன்னால் உன் பெயர் கெடும். சொல்லாவிட்டால் மறதிக்காரி என்ற பெயர் எனக்குச் சாகும்வரை. மன்னியிடம், "பேட்டரி நன்னாருக்கு மன்னி" என்றேன், அது உண்மைதானே. என் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, மாமா வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொட்டைக் காட்டினேன். அவன் குனிந்து அட்டையையும் பேட்டரியையும் ஒத்துப் பார்த்தான். "மாமாவா?" என்று மட்டும் கேட்டான். உள்ளே போய் என் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். மாட வீதிகளைச் சுற்றி, குளக்கரையில் பஸ்ஸுக்கு வழிவிட்டு, குறுக்கே வந்த ஆட்டோக்காரரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்து, பூட்டிவிட்டு வாசற்படி ஏறினேன். ஏறியவள் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மறுபடி படியேறி, மறுபடி இறங்கிப் போய்ப் பார்த்தேன். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான். கேஸ், பூட்டு, குழாய், எதையும் மூன்று தடவை பார்க்காமல் என்னால் படுக்க முடிவதில்லை.

மூன்றாவது தடவை வண்டிக் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். லைட் அணைந்துதான் இருந்தது, அண்ணா. அன்றைக்கும் அணைந்துதான் இருந்தது.