அம்மாவின் லென்ஸ் நகர்ந்ததா?

11, செவ்வாய்
ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம் முழுக்க மூடுபனி. ஏழு மணி பஸ்ஸில் அம்மாவோடு பதுளை ஆஸ்பத்திரி. போன வருடம் அம்மாவின் வலக்கண்ணில் வைத்த லென்ஸுக்குப் பின்னால் படலம். இன்று லேசரால் அதைத் திறந்தார்கள். ஐந்தே நிமிடம். கத்தி இல்லை, கட்டு இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இதுக்கா நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்தேன்?"

கொடுத்த தாள் சிங்களத்தில். பஸ்ஸிலேயே தமிழில் வாசித்துக் காட்டினேன்: கண்ணைக் கசக்கக் கூடாது, அரிதாக லென்ஸ் இடம் நகரலாம். எங்கும் தடுமாறவில்லை. ஒரே பெருமை.

12, புதன்
பள்ளி விட்டதும் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். எல்லோருக்கும் கூடைக் கயிறு தலையில். அம்மா மட்டும் கூடையை இடுப்பில் அணைத்து, கழுத்தைத் திருப்பாமல் வருகிறார்.

கங்காணி: "என்னா லெச்சுமி, இடுப்புல புள்ளயா? தாலாட்டு பாடவா?"

அம்மா: "பாடுங்க. தூங்கிருச்சுன்னா நீங்களே தூக்கிட்டு வாங்க."

கொழுந்து வழக்கத்தில் பாதி. வீட்டில் கேட்டேன். "நீதானே வாசிச்ச, லென்சு நகரும்னு? கயிறு நெத்திய இழுத்தா அதுவும் சேந்து வந்துராதா?"

'அரிதாக' என்று நான் வாசித்தபோது பஸ் ஹார்ன் அடித்திருக்க வேண்டும்.

13, வியாழன்
மழை. சிங்களப் பரீட்சை, சுலபம். அம்மா இரவு முழுக்க மல்லாந்தே படுத்திருந்தாராம். மாலையில் மெதுவாக, "புள்ள, கொழுந்துல எல்லாம் கறுப்புப் பூச்சி. தட்டுனாலும் போகல. சோத்துலயும் இருக்கு."

சோற்றில் ஒன்றும் இல்லை.

என் பயங்கள்:
1. லேசர் அடித்த அன்று மாலையே கூடைக் கயிறு போட்டுப் பார்த்தாராம்.
2. இடக்கண்ணில் ஏற்கனவே பார்வை குறைவு. இதுவும் போனால்?
3. நான்.

தாளை மறுபடி எடுத்தேன். கடைசி வரி: புள்ளிகள் தெரிந்தால் வந்து காட்டவும். பஸ்ஸில் அதை வாசிக்கவே இல்லை. இறங்கும் இடம் வந்துவிட்டது, மடித்து வைத்துவிட்டேன்.

14, வெள்ளி
பள்ளிக்குப் போகவில்லை. முதல் பஸ். டொக்டர் கண்ணில் மருந்து விட்டு, விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே.

லென்ஸ் இருந்த இடத்தில்தான்! லேசர் பட்டு அதில் இரண்டு சிறு தழும்பு, பார்வையைக் கெடுக்காது. பூச்சியாகத் தெரிவது உடைந்த படலத்தின் துகள்கள், மெல்ல அடங்கும். திடீரென நிறைய வந்தாலோ, கண்ணுக்குள் மின்னினாலோ உடனே வர வேண்டும். இதை அம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன்.

கயிற்றைப் பற்றிக் கேட்கச் சொன்னார் அம்மா. சிங்களத்தில் விளக்க வரவில்லை (பரீட்சை சுலபம் என்று எழுதியவள்!). அம்மாவின் பை வாரை என் நெற்றியில் மாட்டி, குனிந்து நடந்து காட்டினேன். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதெல்லாம் லென்ஸை இழுக்காதாம்.

15, சனி
வெயில். கூடைக் கயிறு மறுபடி தலையில். பூச்சி மூன்று நான்குதான் பறக்கிறதாம்.

மத்தியானம் வந்த அம்மா, வாசல் வெளிச்சத்தில் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏய், ஒனக்கு மீசை மொளச்சிருக்கே புள்ள! எப்பருந்து?"