வாசலைக் காட்டிய கை

என்னங்க,

உள்ளே யாரையும் விடமாட்டேன் என்கிறார்கள். அதனால் இதை நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பேச்சுதான் வரவில்லை, படித்தால் உங்களுக்குப் புரிகிறது என்று அவர் சொன்னார்.

நாற்று நட்டு முடிந்தது. பசு கன்று போட்டிருக்கிறது.

அன்று காலை ஏழு மணிக்கு உங்கள் வாய் கோணி, வலது கை தொங்கிப்போனது. இடது கையால் வாசலைக் காட்டினீர்கள். எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் எதிர்வீட்டு இராமலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனதும், கொரோனா என்று சொல்லி அவர்கள் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அந்தப் பயம். "கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருங்க, சரியா பூடும்" என்றேன்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த நம் பூமிகாதான் ஆம்புலன்ஸை அழைத்தாள்.

"இன்னாம்மா, காலைலயே ஏன் கூட்டிக்கினு போவல?"

"உங்க நைனாதான் வரமாட்டேன்னு அடம் புடிச்சாரு."

"நாலு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது, அவள் உங்களைத்தான் திட்டி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

பேச்சு வந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் மறுக்கமாட்டேன். எப்படியாவது பேசிவிடுங்கள்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி